குண்டூசிதான் முதல் அசை

அந்த வகுப்பில் அவள் பெயர் அவசரம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆங்கில வகுப்பில் போட்டி! இரண்டு சொற்கள் ஒட்டிய ஒரு சொல்லைச் சீட்டில் எடுக்க வேண்டும். மூன்று பேர் வருகைப் பதிவேட்டு வரிசையில் நின்று, ஆளுக்கு ஓர் அசை சொல்ல வேண்டும். ஜெயிக்கும் குழுதான் இன்று சாப்பாட்டு மணி அடிக்கும்!

“அழுத்தம் விழுற அசை மத்ததைவிட உயரமா, சத்தமா தெரியணும்,” என்றார் டீச்சர்.

முதல் குழுவுக்கு ‘பட்டர்ஃபிளை’. ‘பட்’ சொன்னவன் எம்பிக் குதித்த குதியில் மேசை ஆடியது.

அவசரம் பாய்ந்து சீட்டை எடுத்தாள். ‘கிராஸ்ஹாப்பர்’. வெட்டுக்கிளி!

“கிராஸ், ஹாப், பர். அழுத்தம் முதல் அசையில!” என்றாள் ஒரே மூச்சில்.

“முதல்ல நிக்கறது யாரு?” என்றான் அவள் குழுவில் இருந்த ஒட்டகம். வகுப்பிலேயே நெட்டை அவன்தான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குண்டூசி! வகுப்பிலேயே குட்டை. போதாக்குறைக்குக் காலில் மாவுக்கட்டு.

குண்டூசியின் முகம் வாடிவிட்டது. “என்னால தோத்துட வேண்டாம். வேற யாரையாவது சேர்த்துக்கோங்க.”

அவசரத்துக்குச் சுருக்கென்றது. மணி அடிக்கக் கொள்ளை ஆசைதான். ஆனால் இவளை விட்டுவிட்டு அடித்தால் அது என்ன மணி?

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் நின்று யோசித்தாள். உயரமாகத் தெரியணும் என்றுதானே டீச்சர் சொன்னார்? குதிக்கணும் என்று சொல்லவில்லையே!

“நீ தொண்டை கிழியக் கத்து, அது போதும்,” என்றாள் குண்டூசியிடம். பிறகு ஒட்டகத்தின் காதைக் கடித்தாள்.

“அவ்வளவு கீழயா? என் முட்டி என்ன ஆகிறது?” என்று முனகினான் அவன்.

மூவரும் முன்னால் போய் நின்றார்கள். அவசரமும் ஒட்டகமும் பொத்தென்று குந்தினார்கள்.

“கிராஸ்!” ஊன்றுகோலைப் பிடித்து நிமிர்ந்து கத்தினாள் குண்டூசி.

“ஹாப்,” என்று முணுமுணுத்தாள் அவசரம். “பர்,” என்றான் ஒட்டகம், ரகசியம் சொல்வதுபோல.

வகுப்பு ஒரு நொடி விழித்தது. பிறகு கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

“யாருமே குதிக்கலையே, டீச்சர்!” என்றான் ‘பட்’ பையன்.

“எதுக்குக் குதிக்கணும்? மத்த ரெண்டும் அடங்கினா முதல் அசை தானா எழும்பும். மணி இவங்களுக்குத்தான்!” என்று சிரித்தார் டீச்சர்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் மணிச் சுத்தியலை அவசரம் குண்டூசியின் கையில் கொடுத்தாள். மூன்று அடி போதும். குண்டூசி பன்னிரண்டு அடித்தாள்.