மூன்றை அடித்து நான்கு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குச் சிறுநீரகக் கல் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சன்னலோர பெஞ்சில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். நடுவில் அவர்களுடைய குடை, மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட, கூட வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் தையல்கார அம்மா. எதிர் வரிசையில், செய்தித்தாளுக்குப் பின்னால், பேருந்து ஓட்டுநர். கடைசி நாற்காலியில், மடியில் துணிக்கடைப் பை ஒன்றைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, வெல்டர்.

ஆறாவதாக, நனைந்த துப்பட்டாவை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள் அவள். அடையாள அட்டையில் 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர்' என்று இருக்கும். அங்கே வருகிறவர்களுக்கு அவள் லிட்டர் மேடம். வேறெந்த ஊழியரும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும் இடத்தில் அவள் "நேத்து எத்தனை லிட்டர் குடிச்சீங்க?" என்றுதான் கேட்பாள்.

சிறுநீரகக் கல் வந்து பட்ட பாடு போதும் என்று இருப்பவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க முடியுமா? அதுதான் ஆய்வு. நூற்றெண்பது பேர், இரண்டு வருடம். பாதிப் பேருக்கு மருந்து மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, எண்ணிக் கொடுக்கும் அவளுக்கும் தெரியாது. எல்லாருக்கும் பொதுவானது ஒரு மூன்று லிட்டர் கேன். ஒரு முழு நாள் போகும் சிறுநீரை அதில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

கேன் வாங்கும் மேசை நர்ஸ் அக்காவுடையது. அன்று அக்காவின் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். அதனால்தான் அந்த மேசையில் அவள் உட்கார்ந்தாள்... அதனால்தான் வெல்டரை முதல்முதலாக நிமிர்ந்து பார்த்தாள்.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தே நெருப்பைப் பார்த்துப் பழகிய கண்கள். சாதா வெளிச்சத்தில் கொஞ்சம் கூசின. 'என்னைப் பார்த்தா கூசுது?' என்று நினைத்தவள், அந்த நினைப்பை அங்கேயே ஒரு அதட்டுப் போட்டு உட்கார வைத்தாள்.

"முழுசா கொண்டாந்திருக்கேன் மேடம். ஒரு சொட்டு கீழ போகல" என்றான் பெருமையாக. கேன் கழுத்துவரை இருந்தது.

ஒரு மணி நேரத்தில் ஆய்வகத்திலிருந்து சீட்டு வந்தது. படித்தாள். மறுபடி படித்தாள். எழுந்து காத்திருப்பு அறைக்கே வந்துவிட்டாள்.

"உங்க எடை எவ்வளவு?"

"அறுபத்தெட்டு."

"இந்தக் கேன்ல இருக்கிற ஆளு நூத்திப்பத்து கிலோ."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"தசையில இருந்து கிரியேட்டினின்னு ஒரு கழிவு போகும். ஒரு ஆளுக்குத் தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். உங்களுக்கு அது எக்கச்சக்கமா இருக்கு. உங்க கேன்ல ரெண்டு பேர் இருக்காங்க."

வாத்தியார் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெல்டரின் முகம் பழுத்த இரும்பாகச் சிவந்தது.

"நான் ஏமாத்துறேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. சீட்டு சொல்லுது."

"அப்ப அந்தச் சீட்டையே கட்டிக்கிட்டு அழுங்க!"

அடித்துப் பெய்யும் மழையில் விடுவிடுவென்று இறங்கிப் போனான். அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். 'குடை கூட இல்லாம... நனையட்டும். பொய் சொன்னா நனையத்தான் வேணும்.' ஆனால் அவன் தெருமுனை திரும்பும் வரை சன்னலை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை, அவள் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றான். பக்கத்தில் கனத்த சரீரத்தோடு ஒரு மனிதர். ஒரே வீட்டில் இருக்கும், அவன் கூடப்பிறந்த அக்காவின் கணவர்.

"சொல்லுங்க மாமா" என்றான் வெல்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது வந்து மேடம்... சாயங்காலம் பார்த்தேன், கேன் பாதிதான் ரொம்பியிருந்துச்சு. குறைஞ்சா மாப்ளையை ஆய்வுல இருந்து கழிச்சிருவீங்களோன்னு... ஏதோ நம்மாலான ஒத்தாசை..."

"எத்தனை தடவை ஒத்தாசை பண்ணீங்க?"

"ஆறு... ஏழுன்னே வெச்சுக்குங்களேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முதலில் முறைத்த வெல்டரும் தொற்றிக்கொண்டு சிரித்தான். மாமா மட்டும், உதவி செய்தவருக்கு இங்கே என்ன மரியாதை என்பது போல நின்றார்.

"உங்களைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றாள் அவள். "அது என் தப்புதான்."

"எல்லார் முன்னாடியும் கேட்டுட்டுத் தனியா மன்னிப்பா?"

அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமை, அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், அவள் நிமிர்ந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். குரல் நடுங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான் என்னவோ செய்தது.

அதற்குப் பிறகு நர்ஸ் அக்கா திரும்பி வந்தும், வெல்டரின் கோப்பு மட்டும் லிட்டர் மேடத்தின் மேசையிலேயே தங்கிவிட்டது. எப்படி என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை...

மாதாமாதம் வந்தான். பட்டறைச் சூட்டில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தான்.

"கல்லு வந்தவன் பால் குடிக்கக் கூடாதாமே மேடம்? பட்டறையில சொல்றாங்க."

"பட்டறையில பத்த வைக்கச் சொல்லுங்க, வைத்தியம் வேணாம். பால் குடிக்கலாம். உப்பைக் குறைங்க."

"வீட்டுல சமையல் சப்புனு இருக்கு மேடம்."

"பழகிடும்."

"பழகிருச்சு. இங்க வந்து திட்டு வாங்கினாத்தான் அந்த மாசத்துக்கே உப்பு உறைப்பு."

அவள் குனிந்து எழுதினாள். எழுத எதுவும் இல்லாதபோதும் குனிந்து எழுதினாள்.

ஏழாவது மாதம். வெளியே தூறல். வழக்கமான கேள்வி: "இந்த மாசம் வலி இருந்துச்சா? பத்துக்கு எவ்வளவு?"

"ஒரே ஒரு நாள். நாலு இருக்கும்."

எழுதினாள். எழுதிய எண்ணைப் பார்த்தாள்.

மூன்று.

காது நன்றாகத்தான் கேட்டது. கைதான் குறைத்து எழுதியது. 'இவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு நான் நினைச்சா, அது அடுப்படியில நினைக்க வேண்டிய நினைப்பு. இந்தத் தாள்ல அதுக்கு இடமில்ல.'

ஆய்வுத் தாளில் தப்பான எண்ணை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு, அடித்தது கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், சுருக்கக் கையெழுத்து, தேதி. நான்கையும் செய்தாள். எவனோ ஒருவனுக்காக அவள் கை ஒரு பக்கம் சாய்ந்தது என்று நாளைக்கு வெளியே தெரிந்தால், நூற்றெண்பது பேர் சுமந்து வந்த கேன்களுக்கும் யார் பதில் சொல்வது?

"அடுத்த மாசத்துல இருந்து உங்களை நர்ஸ் அக்கா பார்ப்பாங்க" என்றாள், தலை நிமிராமல்.

"ஏன்?"

"அப்படித்தான்."

"எங்க மாமா பண்ணின கூத்துக்கு இன்னும் நம்பிக்கை வரலையா மேடம்?" அவன் குரல் இறுகியது. "எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு முதல் நாளே கையெழுத்து வாங்கினீங்களே... இன்னைக்கு விலகிக்கிறேன்."

அவனுக்கு இரண்டு தடவை கல் வந்திருக்கிறது. தரையில் புரண்ட வலி என்று கோப்பிலேயே இருக்கிறது. இனி யார் அவனைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்?

"உட்காருங்க" என்றாள். அந்தக் குரலுக்கு நூற்றெண்பது பேரும் உட்கார்ந்திருப்பார்கள். "நீங்க விலக வேணாம். இருபது நிமிஷம் இருங்க."

தாளை எடுத்தாள். எழுதும்போது மழை வலுத்தது. அவன் எதிரே, நாற்காலி நுனியில், அவளுடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும் அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

*'ஆய்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கு. இன்று பங்கேற்பாளர் ஒருவரின் வலி அளவை நான்குக்குப் பதிலாக மூன்று என எழுதி, உடனே திருத்தினேன். அவருக்கு வலி குறைவாக இருக்க வேண்டும் என்ற என் விருப்பமே பிழைக்குக் காரணம். அவர்மீது எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு ஏற்பட்டுள்ளது. ஆகவே அவரது கோப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கவும், நான் இதுவரை எழுதிய அவரது பதிவுகளை மறு ஆய்வு செய்யவும் வேண்டுகிறேன். என் மீது எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.'*

அவன் இரண்டு முறை படித்தான். கூசும் கண்கள் இந்த முறை கூசவில்லை.

"தனிப்பட்ட ஈடுபாடுன்னா..."

"ஆபீஸ்ல அதுக்கு அதுதான் பேரு."

"பட்டறையில வேற பேரு சொல்வோம்."

"என்னன்னு?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றான். "கேன்ல ரெண்டு பேர்னு சொன்னீங்களே, அன்னைக்குக் கோவத்துல பாதித் தெரு போயிட்டேன். மீதித் தெரு முழுக்க உங்களைத்தான் நினைச்சுட்டுப் போனேன்."

அவள் காது மடல் சூடாகியது. ஆனால் பார்வையை விலக்கவில்லை.

"இதைப் படிச்சுட்டு உங்களை மொத்த ஆய்வுல இருந்தும் தூக்கிட்டா?"

"தூக்கலாம். வேற ஆய்வு கிடைக்கும்" என்றாள் லிட்டர் மேடம். "வேற வெல்டர் கிடைக்க மாட்டான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மேடம்னு கூப்பிடுறதை நிறுத்தலாமா?"

"ஆய்வு முடிய இன்னும் பதினேழு மாசம் இருக்கு. இந்த வாசலுக்கு உள்ள மேடம்தான். வெளியில... பதில் வரட்டும், சொல்றேன்."

கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டாள். விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தினாள். மேலே, கோணாத கையெழுத்தில் முகவரி. நான்கு மணித் தபால் எடுக்க வந்தவர் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவள் தானே எழுந்து போய் உறையை அவர் பைக்குள் போட்டு, பையின் வாரை இழுத்துப் பூட்டினாள்.