நீலத் தோல் உரிகிறது!

செல்போன் அலறியது.

மெல்வின் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? வலது கையில் ஹீட் கன். இடது கையில் பிளாஸ்டிக் தேய்ப்பான். எதிரே ஒரு பல் டாக்டரின் கார்... பாதி வெள்ளை, பாதி பச்சை. காரின் கலரை மாற்ற மேலே ஒட்டும் வினைல் ஷீட்டின் ஓரம் பம்பர் வளைவில் மடங்கி உட்காரப் போகும் நேரம். இப்போது கையை எடுத்தால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் டாக்டர் பல்லைப் பிடுங்கி விடுவார்!

மறுபடியும் அலறியது.

"சவத்த...!" கையுறையைப் பல்லால் கழற்றித் துப்பினான். "யாரு?"

"எஸ்.ஐ. சுடலைச்செல்வி பேசுதேன். ஏலே மெல்வின், உன் சொந்தக் காரு என்ன கலரு?"

"கருப்பு மேடம். ஏன்? ஸ்டேஷன் ஜீப்புக்குக் கலர் மாத்தணுமா? மேட் ஃபினிஷ்ல ஒட்டினா சும்மா அள்ளும்..."

"வாயை மூடு. பர்னபாஸைக் கொன்னது ஒரு கருப்பு காரு. அப்படியே திரும்பிப் பாரு."

திரும்பினான்.

கடை வாசலில், காதில் போனோடு சுடலைச்செல்வி நின்றாள். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அதில் ஒருவர் மெல்வினின் காரை ஏற்கனவே போட்டோ எடுத்துக் கொண்டிருந்தார்!

மெல்வின் ஹீட் கன்னை அணைத்தான்.

பர்னபாஸ் செத்து மூன்று நாளாகிறது. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் ஆறரை மணி. உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் நடந்து போன மனிதரை ஒரு கார் அடித்துத் தூக்கியது. விபத்து இல்லை... கொலை! உப்பு குடோன் கேமராவில் எல்லாம் பதிவாகி இருந்தது. கருப்பு எஸ்.யு.வி. விளக்கை அணைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருக்கிறது. பர்னபாஸ் வருகிறார். கார் பாய்கிறது.

நம்பர் பிளேட்?

தெரியவில்லை. அன்றைக்கு ஊரிலுள்ள எல்லா வண்டிகளையும் போல அதற்கும் முன்னால் வாழைக்கன்று, மாலை! போலீஸ் கண்ணெதிரே நம்பரை மறைத்துக்கொண்டு போனாலும் யாரும் கேட்க முடியாத ஒரே நாள் அது. கொலைகாரன் நாள் பார்த்துத்தான் கிளம்பி இருக்கிறான்!

"மேடம், நான் ஏன் அவரைக் கொல்லணும்?"

"முந்தின நாளு டீக்கடையில அவரைப் பாத்து என்னலே சொன்ன?"

"அது... அவர் வேனுக்கு நான் ஒட்டுன வினைலு உப்புக் காத்துல குமிழி குமிழியா எழும்பிட்டு. 'உன் ஸ்டிக்கரை நாய் கூட ஒட்டாதுலே'ன்னாரு. அதுக்கு நானு..."

"'உம்ம மேல வண்டிய ஏத்தாம விடமாட்டேன் ஓய்!' பஜ்ஜி போடுதவன் உள்பட பதினாலு பேரு கேட்டிருக்காங்க."

"அது வாய் வார்த்தை மேடம்! எங்கம்மா என்னைய தினம் மூணு தடவ 'கொன்னுருவேன்'னு சொல்லுதா. அவளையும் உள்ள வைப்பீங்களா?"

"உன் காரு முன்னாடி ஏன் ஒடுங்கி இருக்கு?"

"மாடு மேடம். போன வாரம்."

"அந்த மாடு எங்க?"

"மாடு என்ன மேடம் ஆதார் கார்டைக் குடுத்துட்டா போவும்!"

கான்ஸ்டபிள் சிரித்தார். சுடலைச்செல்வி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு ஆறரைக்கு எங்க இருந்த?"

"இங்கதான். தனியா. பசங்களுக்கு லீவு. ஒரு வண்டியில பழைய வினைலை உரிச்சிக்கிட்டுக் கிடந்தேன்."

"சாட்சி?"

"மாதா."

"கோர்ட்டுக்கு வருவாங்களா?" வாட்ச்சைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு உன்னைய மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். ஏறு வண்டியில."

மணி பன்னிரண்டு.

ஐந்து மணி நேரம்! மனைவி எமில்டாவுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது அப்பன் பாளையங்கோட்டை ஜெயிலில் களி தின்று கொண்டிருப்பானா? மெல்வினுக்கு அழுகையே வந்து விட்டது. வந்த அழுகையை மூக்கோடு உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"மேடம்... பிரேதத்துல வேற எதுவுமே கிடைக்கலையா? ஒரு பொட்டு பெயின்ட் கூடவா?"

"பெயின்ட் இல்ல. வலது உள்ளங்கையில சந்தனமும் குங்குமமும் அப்பி இருந்துச்சு. எவன் கடை பூஜைக்கோ போயிருக்காரு."

"யாரு... பர்னபாஸ் அண்ணனா?" மெல்வின் நிமிர்ந்தான். "கிறிஸ்துமஸுக்குக் கூடக் கோயில் வெளிய நின்னு பீடி குடிக்கிற ஆளு மேடம் அவரு! பூஜைக்கா போவாரு? அதுவும் ஒத்தக் கையில மட்டும் எப்படி அப்பும்?"

மெல்வின் தன் வலது கையை முன்னால் நீட்டிக் காட்டினான்.

"காரு மேல வருது. மனுஷன் என்ன செய்வான்? கையை நீட்டித் தடுப்பான். கை பானெட்டுல போய் விழுது. பானெட்டுல பூஜை போட்ட சந்தனம்... ஈரமா! என் வண்டிக்கு ஏது மேடம் பொட்டு? உள்ள ஜெபமாலைதான் தொங்குது."

"துடைச்சிருக்கலாம்லா?"

"நான் துடைச்சிருந்தா அவனும் துடைச்சிருப்பான். ஒரு மணி நேரம் குடுங்க. இந்த மாடல்ல கருப்பு வண்டி ஊருக்குள்ள மொத்தம் ஆறு. எல்லாத்தையும் எனக்குத் தெரியும்."

சுடலைச்செல்வி கறார்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்கிற போலீஸ். ஜீப் கிளம்பியது.

நான்கு கார்கள் சுத்தம். ஒன்று மெல்வினுடையது. ஆறாவது கார், ஹார்பர் பக்கம் ஷிப்பிங் ஏஜென்சி வைத்திருக்கும் ஜெயகணேஷ் அண்ணாச்சியுடையது. ஆபீஸ் வாசலில் நின்றது.

கருப்பாக அல்ல... கடல் நீலமாக!

"வாங்க மேடம், வாங்க!" ஜெயகணேஷ் நெற்றி நிறையத் திருநீறோடு எழுந்து வந்தார். "ஏலே, மக்ரூன் எடுத்து வை. டீ சொல்லு."

"வண்டி எப்ப நீலமாச்சு அண்ணாச்சி?"

"ஆடிப் பதினெட்டுக்கு! ரெண்டு மாசம் தாண்டிட்டே. நம்ம பெவின்தான் ஸ்ப்ரே அடிச்சான். பில்லு இருக்கு." கேட்பதற்கு முன்பே டிராயர் திறந்தது. பில் வெளியே வந்தது.

பெவின்!

அந்தப் பெயரைக் கேட்டதும் மெல்வினுக்குக் காது சிவந்தது. நாசரேத்துக்காரன். இரண்டு தெரு தள்ளி 'பீல் கோட்' கடை வைத்திருப்பவன். வண்டியைக் கழற்ற வேண்டாம், ஷீட்டை அளந்து வெட்ட வேண்டாம். ரப்பர் பெயின்டை எட்டுத் தடவை ஸ்ப்ரே அடித்தால் ஒரே ராத்திரியில் கலர் மாறும். அலுத்துப் போனால் தோலை உரிப்பது மாதிரி உரித்து எறியலாம். மெல்வின் அதை 'ரப்பர் ஜட்டி' என்பான். பெவின் வினைலை 'ஸ்கூல் நோட்டு அட்டை' என்பான். கல்யாண வீட்டில் கூட இருவரும் ஒரே பந்தியில் உட்கார்வதில்லை.

போன் போட்டதும் பெவின் வந்து சேர்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆமா மேடம். ஆடிப் பதினெட்டு. நான்தான் அடிச்சேன்."

சுடலைச்செல்வி மெல்வினைப் பார்த்தாள். 'முடிஞ்சுதாலே?' என்று கேட்டது பார்வை.

மெல்வின் நீலக் காரைச் சுற்றி வந்தான். முன் பம்பர் புத்தம் புதிது. பெட்ரோல் மூடியிடம் குனிந்தான். முகர்ந்தான். சிரித்தான்!

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா வண்டிக்கு என்ன ஊத்துதீங்க? இளநீயா?"

"என்னலே கிண்டலு?"

"மேடம், இந்த ரப்பர் ஜட்டிக்குப் பெட்ரோலு ஆகவே ஆகாது. ஒரு சொட்டு வழிஞ்சாலும் அந்த இடம் கொழகொழன்னு ஆயிரும். ரெண்டு மாசம் பங்க்குல பெட்ரோல் போட்ட வண்டியில மூடிக்குக் கீழ ஒரு கறை இருக்காண்டாமா? பாருங்க... பிறந்த பிள்ளை கன்னம் கணக்கா இருக்கு!"

பெவின் தரையைப் பார்த்தான்.

"ஏலே, தொடாத!" ஜெயகணேஷ் கத்தினார்.

அதற்குள் மெல்வினின் கட்டைவிரல் நகம் பானெட்டின் ஓரத்தில் நுழைந்து விட்டது. இரண்டு கையாலும் பிடித்தான். இழுத்தான்.

சர்ர்ர்ர்ர்ர்...!

ஒரே இழுப்பு. பானெட் அகலத்துக்கு நீலத் தோல் உரிந்து கையோடு வந்தது. கீழே பளபளவென்று கருப்பு.

தோலைத் திருப்பினான்.

சுடலைச்செல்வி குனிந்து பார்த்தாள்.

தோலின் உள்பக்கம் மூன்று சந்தனப் பட்டை. நடுவில் அப்பமாய்க் குங்குமம். அதன் குறுக்கே... விரல்கள்! ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்து, மேல்நோக்கி இழுபட்டு...

பர்னபாஸின் கடைசிக் கை!

மெல்வின் தோலை மெதுவாகக் கீழே வைத்தான். டீக்கடையில் தன்னோடு மல்லுக்கு நின்ற கை அது.

"அண்ணாச்சி..." சுடலைச்செல்வியின் குரல் இறங்கியது. "அடுத்த வாரம் பர்னபாஸ் எங்க ஆபீஸருக்கு ஒரு வாக்குமூலம் குடுக்கதா இருந்தாரு. யாரோ படகுல, பிடிக்கவே கூடாதுன்னு தடை போட்ட கடல் அட்டையைக் கடத்துதாங்கன்னு. அந்த யாரோ... நீங்கதானா?"

ஜெயகணேஷ் ஒரு நொடிதான் தடுமாறினார். உடனே கை பெவினை நோக்கி நீண்டது.

"இவன்தான் மேடம்! பூஜை முடிஞ்ச கையோட, சாயங்காலம் நாலு மணிக்கே கலர் மாத்தணும்னு வண்டிய இவன்கிட்ட விட்டுட்டு வீட்டுக்குப் போய்ட்டேன். அதுக்கப்புறம் வண்டிப் பக்கமே நான் போவல. ஆறரைக்கு ஓட்டுனது இவன்! ஆடி மாசத் தேதியில பில்லு போட்டு, 'ஒத்துக்கிடலைன்னா உங்களையும் மாட்டி விட்டுருவேன்'னு மிரட்டினான்!"

"ஐயோ, பொய்யி!" பெவினின் முகம் வெளுத்தது. "நான் ஸ்ப்ரே மட்டும்தான்..."

"ரெண்டு மாசம்னு எங்கிட்டப் பொய் சொன்னவன்தானலே நீ?" சுடலைச்செல்வி மாட்டிய விலங்கு கிளிங் என்றது.

மெல்வின் பார்த்துக் கொண்டிருந்தான். போட்டிக் கடைக்காரன் கம்பி எண்ணப் போகிறான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஊரில் இனி வினைல் மட்டும்தான்!

ஆனால் பெவின் ஓட்டி இருந்தால், கை பதிந்த பொட்டைத் துடைக்காமலா மேலே ஸ்ப்ரே அடித்திருப்பான்? கண்ணுக்கு முன்னால் ஓர் அநியாயம் நடக்கிறது. மனசு கேட்கவில்லை. சவத்துப் பய மனசு!

இடுப்பில் இருந்த துணியை உருவினான். வாசலில் கார் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் முக்கினான். பானெட்டில் இன்னும் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"சரி மேடம், தோலுதான் கிடைச்சிட்டுல்லா. மிச்சத்தைத் துடைச்சிருதேன்."

சுடலைச்செல்வி அதட்ட வாயைத் திறப்பதற்குள்...

"ஏலே, துடைக்காத!!"

ஜெயகணேஷ் பாய்ந்து வந்து பானெட்டின் மேல் விழுந்தார். கையெல்லாம் நடுங்கியது.

"அம்மன் குங்குமம்லே அது! பூஜை போட்ட பொட்டை அழிச்சா குடும்பத்துக்கே ஆகாது! அன்னைக்கும் இப்படித்தான், இந்தப் பய துணியைத் தூக்கிட்டு வந்தான். விடிய விடிய பக்கத்துலயே நின்னு, 'அதுல மட்டும் கை வைக்காதலே, அது மேலேயே அடி'ன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்..."

நிறுத்தினார்.

காலம் கடந்து விட்டது!

"விடிய விடிய பக்கத்துலயே நின்னீங்களா?" சுடலைச்செல்வி மெல்லக் கேட்டாள். "நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்ட்டீங்களே அண்ணாச்சி? விடிய விடிய பாத்துக்கிட்டு நின்ன கண்ணுக்கு அந்த அஞ்சு விரலு தெரியலையா?"

ஜெயகணேஷ் பானெட்டை விட்டு எழுந்தார்.

"ஏழு மணிக்கு இவருதான் மேடம் ஓட்டிட்டு வந்தாரு!" பெவின் உடைந்து அழுதான். "பம்பர் நொறுங்கிக் கிடந்துச்சு. நாய் மேல மோதிட்டேன்னாரு. சந்தனத்துல கை இழுபட்டுக் கிடக்கதைப் பாத்ததும் மனுஷன்னு தெரிஞ்சு போச்சு. துடைக்கப் போனேன், விடல. வெளிய சொன்னா அடுத்தது நீதாம்லேன்னாரு..."

ஒரு மனுஷனை ஏற்றிக் கொல்லக் கை நடுங்கவில்லை. பொட்டைத் துடைக்க நடுங்கி இருக்கிறது!

விலங்கு அண்ணாச்சியின் கைக்கு மாறியது. பெவினுக்கு வேறொன்று வந்தது. பொய் பில் எழுதிய கை அல்லவா!

மணி நாலரை. ஸ்டேஷன்.

மெல்வின் எமில்டாவுக்குப் போன் செய்து, "வந்துருதேன் புள்ள, மீன் குழம்பு வை" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக் கொண்டான். மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கப் போவது வேறு ஆள்.

லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து பெவின் கூப்பிட்டான்.

"மெல்வின்... என்னைய நீ காப்பாத்திட்டலே."

"சரி, சரி. அழுவாத."

"ஆனா ஒண்ணு கேக்கேன். வினைலு ஒட்டணும்னா நீ பொட்டைத் துடைப்பியா, மாட்டியா?"

"துடைக்காம எப்படிலே ஒட்டும்? ஸ்பிரிட்டு போட்டுப் பளிங்கு கணக்கா துடைச்சாத்தான்..."

பாதியில் நின்றான்.

பெவின் கண்ணீரோடு இளித்தான். "அப்ப அண்ணாச்சி உங்கிட்ட வந்திருந்தா, கையும் கிடையாது, தடயமும் கிடையாது. நீ இந்நேரம் உள்ள! இப்பம் சொல்லு... எது ஒசத்தி?"

மெல்வினுக்கு வியர்த்தது.

சுடலைச்செல்வி ஒரு பேப்பரை அவன் முன்னால் தள்ளினாள். "உன் சாட்சி வாக்குமூலம். நல்லாத்தான் சொல்லுதான் பெவினு, அதையும் சேத்து எழுதி இருக்கேன். 'பீல் கோட் போட்டதாலதான் தடயம் அழியாமக் கிடைச்சுது. வினைலா இருந்தா அழிஞ்சிருக்கும். என்னைக் காப்பாற்றியது பீல் கோட்.' கீழ கையெழுத்துப் போடு."

மெல்வின் பேப்பரைப் பார்த்தான். லாக்கப்பைப் பார்த்தான். பேனாவை மூடி மேஜை மேல் வைத்தான்.

"மேடம்... பேசாம கொலையை நானே ஒத்துக்கிடட்டா?"