இரண்டு விரல் இடைவெளி

செவ்வாய், காலை 9.10. மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் 318ஆம் எண் கோப்பைக் காணவில்லை.

கோப்பு இறுதியாண்டு மாணவி ஒருத்தியுடையது. மூன்று மாதமாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறாள். ஒளிவுமறைவில்லாமல் வரிசையில் நின்று டோக்கன் வாங்குவதால் வகுப்பில் அவள் பெயரே 'டோக்கன்'. வைத்தவர்கள் வருங்கால டாக்டர்கள். நோயாளியைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்ற பாடத்தில் எல்லாருமே தொண்ணூறுக்கு மேல்.

9.40. முதல்வர் அறை. சுவரில் 'மனம் திறப்போம் வாரம்' பேனர். மனத்தைவிட முதல்வரின் படம் பெரிது. வாரத்தின் சிறப்பு நிகழ்ச்சியாக, மனநலக் கோப்புகளை மாணவர்களே கணினியில் ஏற்றப் போகிறார்கள்.

"கூடப் படிக்கிறவங்க படிச்சிடுவாங்கன்னு பயந்து தூக்கிட்ட. அப்படித்தானே?" என்றார் முதல்வர்.

"நான் எடுக்கல சார்."

"வேற யாருக்கு அது வேணும்?"

அவள் வாய் திறந்தாள். எதிரே நின்ற மாணவர் குழுத் தலைவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

தலைவனுக்கு 'கோல்டு' என்று பட்டம். தங்கப் பதக்கம் அவனுக்குத்தான் என்பது ஊரறிந்த சேதி. "தண்டிக்காதீங்க சார். நோய் அப்படிச் செய்ய வைக்குது," என்றான். கருணை சொட்டியது, துடைக்கத்தான் துணியில்லை.

"நாலு மணிக்குள்ள கோப்பு வரணும். இல்லேன்னா நாளைக்கு செய்முறைத் தேர்வு கிடையாது. ஒரு வருஷம் வீட்ல ஓய்வெடும்மா."

வாசலோரம் நின்ற பதிவறை அக்கா கேட்டாள்: "நேத்து அலமாரியைப் பார்க்கக் குழுவிலேர்ந்து நாலு பேர் வந்தாங்களே சார்?"

"மூணு பொண்ணுங்க, நம்ம கோல்டு. பொறுப்பான பிள்ளைங்க. நீங்க போய் அலமாரியைப் பூட்டுங்க."

இருபது வருடமாகப் பூட்டுகிறவள் அவள். தலையாட்டிவிட்டுப் போனாள்.

11.00. பதிவறை. காலியான இடத்தில் அக்கா விரலை விட்டாள். 318 மாதம் ஒருமுறை வருகிறவளின் கோப்பு. ஒரு விரல் தடிமன்தான் இருக்கும். இடைவெளியிலோ இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. எண்களைப் பார்த்தாள். 316க்கு அடுத்து 319.

317ஐ யாரும் தேடவில்லை. அன்று அந்த ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

டோக்கன் கவுண்டர் பதிவேட்டில் மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். நோயாளிகள் தங்கள் கையாலேயே எழுதுவது. 317: ஆண், வயது 22, காய்கறி வியாபாரம். வந்த நேரம்: 1540.

மற்றவர்கள் 'மதியம் மூணு', 'நாலு மணி' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரியில் மாணவி டோக்கன் மட்டும் 1545 என்று எழுதியிருந்தாள். அக்கா சிரித்துக்கொண்டாள்.

2.30. கோல்டு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"தம்பி, 317 எங்க?"

"318தானே அக்கா காணோம்?"

"அதை ஊரே தேடுது. இதை நான் மட்டும் தேடறேன்." பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். "எந்தக் கத்திரிக்காய்க்காரன்ப்பா மணியை வார்டு சார்ட்ல போடற மாதிரி நாலு இலக்கத்துல எழுதறான்? எழுதினவன் ஆம்பளை. நேத்து அலமாரி பக்கம் வந்த ஆம்பளை நீ ஒருத்தன். பேரைப் பொய்யா எழுதலாம். கோப்புல ஒட்டின போட்டோவை என்ன செய்வ?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "என்னோடத மட்டும்தான் உருவினேன். பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கிட்டு அவளோடதும் வந்திடுச்சு. திருப்பி வைக்கப் போனா மாட்டிக்குவேன்னு..."

"அவ மாட்டட்டும்னு விட்டுட்ட."

"நானே பேஷண்டுன்னு தெரிஞ்சா யாருக்கா என்கிட்ட வைத்தியத்துக்கு வருவாங்க?"

"அவளுக்கு டோக்கன்னு பேரு வெச்சது யாரு?"

அவன் பதிவேட்டை மூடி வைத்தான்.

"அன்னிக்கு உன் பின்னாடி நின்னவ அவதான். காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பா. சொல்லல. நோயாளி ரகசியம் காக்கணும்கற பாடம் உங்க வகுப்புல அவ ஒருத்திக்குத்தான் ஏறியிருக்கு." அக்கா எழுந்து கதவைத் திறந்தாள். "நானும் சொல்ல மாட்டேன். நாலு மணி வரைக்கும் நேரமிருக்கு."

3.50. முதல்வர் மேசையில் இரண்டு கோப்புகள். கோல்டு 317ஐப் பிரித்து, போட்டோவைக் காட்டினான். முதல்வர் போட்டோவைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதன்முறையாக அவரிடம் உரை எதுவும் தயாராக இல்லை.

அடுத்த செவ்வாய். கோல்டு வரிசையில் நின்று சொந்தப் பெயரை எழுதினான். தொழில்: மாணவன். நேரம் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

பின்னாலிருந்து, செய்முறைத் தேர்வை முடித்துவிட்ட டோக்கனின் குரல் வந்தது.

"சீக்கிரம் எழுதிட்டு நகருங்க காய்கறி. 1540."