மிச்சத் தண்ணீர்

அந்தப் பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்கு எதிரே ஒரு தோட்டம் இருந்தது. தோட்டத்துக்கு ஒரு குழு இருந்தது. குழுவுக்குத் தலைவர், துணைத் தலைவர், ஆலோசகர் எல்லோரும் இருந்தார்கள். தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லை.

'நாமே வளர்ப்போம், பறவைகளை அழைப்போம்' என்று வாசலில் பெரிய பலகை. திறப்பு விழாவில் தலைவர் பேசப் பேச முன்வரிசை கொட்டாவி விட்டது. பின்வரிசை தூங்கியே விட்டது. அன்றைக்குத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் ஜோராக வந்தது. ரிப்பன் போன கையோடு தண்ணீரும் போனது. இப்போது திறந்தால் 'புஸ்'ஸென்று காற்றுதான். குழாயைச் சரிசெய்வது பற்றிக் குழு கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

அதனால் தண்ணீர் ஊற்றும் வேலை வாயாடியின் அம்மா தலையில் விழுந்தது.

வாயாடிக்கு வயது பத்து. பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பட்டப்பெயர். பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து அம்மாவுக்காகக் காத்திருப்பாள். அம்மா நூலகத்தின் எல்லா மாடிகளையும் கூட்டித் துடைத்துவிட்டு, பின்பக்கக் குழாயில் வாளியை நிரப்பி, சாலையைக் கடந்து சுமந்து வருவாள்.

ஒரு நாள் வாளியை வைத்த அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே முடியாதுடி. பொழைச்சா பொழைக்கட்டும், போனா போகட்டும். நாளைலேருந்து வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்."

"ஐயோ அம்மா! கத்தரிச் செடியில குருவிக் கூடு இருக்கே!"

இருந்தது. அகலமான இரண்டு இலைகளை நாரால் தைத்துச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்து, ஒரு குட்டித் தையல்சிட்டு கட்டிய கூடு. பலகையைப் படித்துவிட்டு வந்த ஒரே பறவை அதுதான் போலும். உள்ளே மூன்று குஞ்சுகள். உடம்பு முழுக்க வாய்.

"செடி வாடினா இலை தொங்கிடும்மா. கூடு கவுந்துடும். அதுங்க பறக்குற வரைக்கும் ஊத்தும்மா."

"அதுவரைக்கும் என் இடுப்பு இருக்கணுமே, கண்ணு."

அம்மா கோபமாகச் சொல்லியிருந்தால் வாயாடி பதிலுக்குப் பேசியிருப்பாள். அம்மாவோ களைத்துப் போய்ச் சொன்னாள்.

மறுநாள் வாயாடியே வாளியைத் தூக்கினாள். பாதித் தண்ணீர் பாவாடைக்கு, பாதித் தண்ணீர் சாலைக்கு. செடிக்குக் கிடைத்தது ஒரு வாய். கத்தரி இலைகள் சோர்ந்து மடங்கத் தொடங்கியிருந்தன. அவளும் வரப்போரம் மடங்கி உட்கார்ந்தாள்.

பரீட்சைக் காலம். நூலகத்திலிருந்து மாணவர்கள் பிழிந்து போட்ட துணி மாதிரி வெளியே வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு நெட்டை அண்ணன், பையின் கனத்தைக் குறைக்க பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாலையில் கவிழ்த்தான்.

வாயாடி துள்ளி எழுந்தாள்.

"அண்ணா! ரோட்டுக்கு ஏன் தண்ணி ஊத்துறீங்க? ரோடு வளருமா?"

அவன் திகைத்து, பிறகு சிரித்தான். "வளராது பாப்பா. நானே இங்க நாலு வருஷமா இருக்கேன், வளரலையே."

"அப்ப இங்க வந்து ஊத்துங்க. வளர்றவங்க இருக்காங்க."

கூட்டைக் காட்டினாள். மூன்று வாய்கள் திறந்தன. அவன் தள்ளி நின்று கொஞ்சநேரம் பார்த்தான். மிச்சத்தைச் செடியின் காலில் ஊற்றினான். பிறகு, அலுத்துக்கொண்டேதான், நூலகத்துக்குத் திரும்பிப் போய் பாட்டிலை நிரப்பி வந்தான்.

அடுத்த நாள் வாயாடி பாதையோரம் நின்று கூவ ஆரம்பித்தாள்.

"மிச்சத் தண்ணி! மிச்சத் தண்ணி! கீழ கொட்டாதீங்க, இங்க கொட்டுங்க!"

தலையணை அளவுப் புத்தகங்களோடு ஓர் அக்கா வந்தாள். "பேசக்கூட தெம்பில்ல, பாப்பா."

"பேசவே வேணாங்கா. சாய்ச்சா போதும்."

அக்கா சாய்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, யோசனை எதுவுமின்றி இரண்டு களையைப் பிடுங்கினாள். "படிக்கிறதுக்கு இது தேவலை" என்று இன்னும் இரண்டு பிடுங்கினாள்.

ஆளுக்கு ஒரு மடக்கு, அரைப் பாட்டில். இப்படியே நாட்கள் போயின. கத்தரி நிமிர்ந்தது. பக்கத்து வெண்டையும் பிழைத்துக்கொண்டது. குஞ்சுகளுக்கு வாய் போக மீதி உடம்பும் முளைத்தது.

வேலை முடிந்து வந்த அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"வாளி எங்கடி?"

"அதுக்கு லீவு விட்டாச்சு. நீ உட்காரும்மா."

அம்மா கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால், உடனே தூங்கிப்போனாள்.

அப்படி அவள் தூங்கிய ஒரு மாலையில்தான் குழுத் தலைவர் அந்தப் பக்கம் வந்தார். கூட்டத்தைக் கண்டதும் அவருக்குத் தொண்டை தானாகச் செருமியது.

"மாணவச் செல்வங்களே! நமது குழுவின் தொலைநோக்குத் திட்டம் இன்று…"

வாயாடி ஓடிவந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"சார், மெதுவா. அம்மா தூங்குறாங்க."

தலைவரின் வாய் திறந்தபடி நின்றது. அவர் பேச்சில் தூங்கியவர்கள் உண்டு. ஒருவர் தூங்குவதற்காக அவர் பேச்சை நிறுத்தியது இதுதான் முதல் தடவை. பெஞ்சைப் பார்த்தார். சாய்ந்த தலையையும் வெடித்த குதிகாலையும் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைச் சத்தமில்லாமல் திறந்து, செடிக்கு ஊற்றி, நுனிக்காலில் நடந்து போனார்.

அவர் போன சற்று நேரத்தில், கூட்டின் விளிம்பில் தயங்கிக்கொண்டிருந்த கடைசிக் குஞ்சு குதித்தது. விழுவதுபோல் போய், விழாமல், வெண்டைச் செடியில் போய் உட்கார்ந்தது.

எல்லோருக்கும் கைதட்ட ஆசைதான். யாரும் தட்டவில்லை. அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.