ஏழாம் மேசையில் ஒருவர்

ஆளில்லாத ஏழாம் மேசையில் கணினித் திரை தானாக வெளிச்சமானது.

ஜெயராம் நிமிர்ந்து பார்த்தான். ஆயுத பூஜை விடுமுறை. செம்பூர் அலுவலகத்தின் நான்காம் மாடியில், முதல் மேசையில் உட்கார்ந்திருந்த அவனைத் தவிர ஈ காக்கை இல்லை. காலையில் வந்தவர்கள் திரைகளுக்கெல்லாம் குங்குமம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று யாரும் கணினியைத் தொடமாட்டார்கள். அதற்காகவே இந்த நாளாகப் பார்த்து வந்திருந்தான்.

கம்பெனிக் கணினிகளில் மின்சாரம் மிச்சம் பிடிப்பது அவன் பொறுப்பு. ஒவ்வொரு திரைக்கு மேலும் ஒரு சின்னக் கண், சென்சார். ஆள் உட்கார்ந்தால் திரை எரியும், எழுந்து போனால் அணையும். உட்கார்ந்தவர் வெகுநேரம் அசையாவிட்டால் அவன் போனுக்குத் தகவல் வரும். வீட்டிலிருந்தே அணைத்துவிடலாம். கரண்ட் பில் பாதியானபோது மேலதிகாரிகள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தகவல் வந்தது. ‘ஏழாம் மேசை. ஒருவர் இருக்கிறார். அசைவில்லை.’ அந்த மேசையில் வேலை செய்யும் அம்மிணி மாமி ஓவர்டைம் என்ற பெயரில் தூங்குகிறார் என்று நினைத்தான். விளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திங்கட்கிழமை மாமி மேசையில் கவிழ்ந்து கிடந்தார். ஞாயிறு விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். மாதுங்காவில் தனியாக இருந்தவர், தேட ஆளில்லை.

நாளை விசாரணைக்கு ஆள் வருகிறது. தகவல்கள் எல்லாம் ஏறும் கணினிப் பதிவேட்டில் அந்த வரி இருந்தால் வேலை போகும், போலீசும் வரும்.

அழித்தான்.

அதே இடத்தில் புது வரி விழுந்தது. இன்றைய தேதி. ‘ஏழாம் மேசை. ஒருவர் இருக்கிறார். அசைவில்லை.’

கண்ணாடிக்கு வெளியே பருவம் தப்பிய மழை கொட்டிக்கொண்டிருக்க, மூடிய அறையில் அணைந்த கற்பூரமும் வாடிய சாமந்தியும் கலந்து நாறிய காற்றினூடே, மாமி எப்போதும் நெற்றியில் தடவும் தலைவலித் தைலத்தின் காரமான வாசனை மெல்ல அவனை நோக்கி வந்தது. காவலாளியை இண்டர்காமில் கூப்பிட்டான்.

“பூலோகம், மேலே வேற யாராவது வந்திருக்காளா?”

“இல்லியே சார். லிஃப்ட் சாவி என் கையிலல்லா இருக்கு. நீங்க மட்டுந்தான் இருக்கீய. நான் மேல வரட்டா?”

வந்தால் திரையைப் பார்த்துவிடுவான்.

“வேண்டாம். ஒண்ணுமில்லே.”

மறுபடி அழித்தான். ஏழாம் திரை அணைந்தது. ஆறாம் திரை எரிந்தது. ‘ஆறாம் மேசை. ஒருவர் இருக்கிறார். அசைவில்லை.’

அழித்தான். ஐந்து.

எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் வரி அப்படியே கிடக்கும். காலையில் அவர்கள் படிப்பார்கள்.

அழித்தான். நான்கு. நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம்.

மூன்று.

இரண்டு. பக்கத்து நாற்காலி. காலி. தைல வாசனை மூக்கை அடைத்தது.

அழித்தான்.

அணைந்தது. பதிவேடு சுத்தமாக இருந்தது. ஒரு வரிகூட இல்லை. தப்பித்தோம் என்று கண்ணை மூடி மூச்சு விட்டான். திறந்தபோது ஒரு வரி இருந்தது.

‘முதல் மேசை. இருவர் இருக்கிறார்கள். ஒருவரிடம் அசைவில்லை.’

மேசைமேல் நீட்டியிருந்த அவன் இடது கையில் ஒரு கன்னம் வந்து சாய்ந்தது. ஜில்லென்றிருந்தது. மாமியின் மூச்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.