பதில் தட்ட வேண்டாம்

வாஷ்பேசினுக்கு அடியில் போகும் குழாய்க்குள் யாரோ தட்டினார்கள். மூன்று முறை. சற்று நிறுத்தி, மறுபடி மூன்று முறை. பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு வெல்டர் கையிலிருந்த ரேசரை இறக்கினார்.

"உனக்குக் கேக்குதா?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி வந்து குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலையேங்க. மூணு நாள் கண்ணு மூடாம கிடந்தா இப்படித்தான்."

அவள் சொன்னதில் தப்பில்லை. பட்டறை வைத்துப் பிழைக்கிற மனிதர், ஒரு போன் வந்தால் போட்டது போட்டபடி ஓடுவார். மலையிலும் குகையிலும் மாட்டிக்கொண்டவர்களைச் சம்பளமில்லாமல் மீட்கிற ஏழு பேரில் ஒருவர். இந்த முறை மாட்டிக்கொண்டவன் அந்த ஏழு பேரிலேயே ஒருவன். எந்தப் பொந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் எலி. அவன் உள்ளே இருக்கும்போது குகையின் கூரை சரிந்தது. மற்ற ஆறு பேரும் மூன்று நாள் தோண்டினார்கள். மணிக்கொரு தரம் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அவர்கள் முறை; உயிரோடு இருப்பவன் மூன்று மூன்றாகத் தட்டுவான். ஒரு சத்தமும் வரவில்லை. செத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். பிள்ளைகள் யாரும் உள்ளே போய்விடக் கூடாதென்று குகை வாயை இரும்புத் தகட்டால் அடைத்து, இரண்டு பக்கமும் ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் பூசி, பற்றவைத்துவிட்டு வந்தது வெல்டர்தான்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி ஐந்து நிமிட மௌனத்தில் அவர் தன் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை. தகடு பாதி வெட்டியிருந்தது. இனிமேல் என்ன கேட்டுவிடப் போகிறது என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் காலையும் அதே குழாய், அதே மூன்று. மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து அந்தக் குகை முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தெரிந்தும், ரேசரின் பிடியால் குழாயில் மூன்று முறை தட்டினார்.

உள்ளே ஒரு கணம் அமைதி. பிறகு தாறுமாறாகத் தட்டத் தொடங்கியது; எண்ணிக்கை இல்லாமல், ஓயாமல், குழாயோடு வாஷ்பேசினும் அதன் மேலிருந்த கண்ணாடியும் கிடுகிடுக்க, தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து ஈர மண் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தினார்.

மூன்றாம் நாள் மனநல ஆலோசகர் வீட்டுக்கே வந்தார். மீட்பு வேலை முடிந்த பிறகு தொண்டர்களின் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்காகக் குழு வைத்திருந்த பெண்மணி. மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பயப்படாதீங்க சார். உங்களுக்கு மட்டும் இல்ல. மத்த அஞ்சு பேரும் இதையேதான் சொல்றாங்க."

வெல்டர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அஞ்சு பேருமா மேடம்?"

"ஒரே பயிற்சி, ஒரே துக்கம். மனசும் ஒரே மாதிரிதான் ஏமாத்தும். கேக்குறப்ப மூச்சை இழுத்து, நாலு எண்ணி விடுங்க. இது என் மனசுதான்னு சொல்லிக்கோங்க. முக்கியமா, பதில் தட்ட வேண்டாம்."

"நான் ஒரு தடவை..."

"இனிமே வேண்டாம். பதில் குடுத்தா அது வளரும்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஜெனரேட்டர் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டார். நோய் என்றால் மருந்து உண்டு. நோய் இல்லை என்றால் அது வேறு என்னவாக இருக்கும் என்று யோசிக்க அவருக்குத் துணிச்சல் கிடையாது. தூக்கத்துக்கு ஏங்குகிற மனிதன் எதைச் சொன்னாலும் நம்புவான்.

மருந்து வேலை செய்தது. மூச்சை இழுத்து நாலு எண்ணினார். ஆறாம் நாள் சத்தம் பாதியாகிவிட்டது. எட்டாம் நாள் குழாயில் காதை வைத்தால்தான் கேட்டது. அவர் வைத்துக் கேட்டார். அதை மேடத்திடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை.

ஒன்று.

வெகுநேரம் கழித்து, இரண்டு.

கன்னத்தில் நுரை காய்ந்தது. மூன்றாவது வரவில்லை.

போன் அடித்தது. "சத்தம் எப்படி இருக்கு சார்?"

"நின்னுடுச்சு மேடம்."

"பாத்தீங்களா. மத்த அஞ்சு பேருக்கும் இன்னைக்குக் காலையிலதான் நின்னிருக்கு. அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க மீட்பு வேலைக்குப் போகலாம்."

ஆறு பேருக்கும். இன்றைக்கு. காலையில்.

அவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. ஜெனரேட்டரையும் கிரைண்டரையும் வேனில் தூக்கிப் போட்டார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி வாசல் வரை ஓடிவந்து கேட்டது காதில் விழவில்லை.

அவர் கைப்படப் போட்ட வெல்டிங். நல்ல வெல்டிங், சனியன்; அறுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. தீப்பொறி கையில் தெறித்தது. உறைக்கவில்லை. எலி, எலி என்று கூப்பிட்டுக்கொண்டே அறுத்தார். கடைசி மூலை விட்டதும் தகடு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதில் சாய்ந்திருந்த பாரம் அவர் நெஞ்சின் மேல் வந்து விழுந்தது.

கையில் கல். மண்ணைத் தோண்டித் தேய்ந்த விரல் நுனிகளில் எலும்பு. கழுத்தில் துடிப்பில்லை. அக்குளில் மட்டும் இன்னும் சூடு இருந்தது.

அவனை மடியில் போட்டபடி வெல்டர் தகட்டைப் பார்த்தார். உள்பக்கம் மேலே தெரியும்படி கிடந்தது. சிவப்புப் பெயிண்டைக் கல்லால் சுரண்டி எழுதியிருந்தான். இருட்டில் எழுதிய கோணல் எழுத்து, ஆனால் வாசிக்க முடிந்தது.

'பதில் தட்டிட்டாங்க. வர்றாங்க.'

அதற்குக் கீழே, நாளுக்கு ஒன்றாக, ஏழு கோடுகள்.