சல்லடையும் லினக்ஸும்

மூக்கண்டப்பள்ளியில் லால் பாஷாவின் டைப்பிங் கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதையும் வைரஸ் பாடாய்ப் படுத்தியது. வாடிக்கையாளரான இன்ஜினியர் சென்னகிருஷ்ணன் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அழித்து, புதிதாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டார். "இனிமே தொல்லையில்ல பாய்!" என்று அதன் சிடியையும் கொடுத்துவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு முனிலட்சுமி ஓடி வந்தாள்.

"பாய், கம்பெனி வேலைக்கு அப்ளிகேஷன் அடிக்கணும். அஞ்சு மணிக்குள்ள கம்பெனி கேட் வாசல்ல குடுக்கணுமாம்!"

லால் பாஷா தேடினார். கடிதம் அடிக்கும் புரோகிராமைக் காணவே காணோம்.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தார்.

அவருடைய பதினொரு வயது மகள் காத்தூன், மேஜையிலிருந்த பழைய புரோகிராமின் ஃபிளாப்பியை எடுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. லினக்ஸில் அந்தப் புரோகிராம் ஓடாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்ஜினியர் கொடுத்த சிடியைப் போட்டாள். நூற்றுக்கணக்கில் பெயர்கள் வந்தன. பழைய பெயர் மட்டும் இல்லை.

"பரவாயில்ல பாப்பா, நான் வர்றேன்" என்றாள் முனிலட்சுமி. அவள் கண் கலங்கியிருந்தது. காத்தூனுக்குப் பாவமாக இருந்தது.

"இரு அக்கா!"

போன வாரம் அம்மாவோடு அத்திப்பள்ளி சந்தைக்குப் போனது அவளுக்கு நினைவு வந்தது. சல்லடைக்குக் கன்னடத்தில் என்ன பெயர் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மாவு சலிப்பதுபோல் கையை ஆட்டினாள். "ஓ, ஜரடி!" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

"அத்தா, பழைய பேரை விடுங்க. என்ன வேலைக்குன்னு தேடுவோம்!" என்றாள் அப்பாவிடம்.

சிடியில் விளையாட்டு, படம், அலுவலகம் என்று ஆங்கிலத்தில் தனித்தனித் தலைப்புகள் இருந்தன. 'அலுவலகம்' என்ற தலைப்பின்கீழ் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி விளக்கம் இருந்தது. 'கடிதம் எழுத' என்றிருந்ததை அழுத்தினாள். உடனே, இதற்குத் துணையாக வேறொரு புரோகிராம் முதலில் வேண்டும் என்றது கம்ப்யூட்டர்.

"துணையில்லாம வராதாம் அத்தா!"

லால் பாஷா சிரித்துவிட்டார். காத்தூன் அந்தத் துணையின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அதே சிடியில் தேடி, முதலில் அதை ஏற்றினாள். பிறகு மறுபடி அழுத்தினாள். திரையில் வெள்ளைத்தாள் விரிந்தது!

லால் பாஷா கடகடவென்று அடித்தார். நாலே முக்காலுக்குத் தாளை வாங்கிக்கொண்டு முனிலட்சுமி ஓடினாள். ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள்.

"வாங்கிக்கிட்டாங்க காத்தூன்! திங்கக்கிழமை இன்டர்வியூவாம்!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

காத்தூன் சிரித்தபடி 'விளையாட்டு' என்ற தலைப்பைத் திறந்தாள். பதினேழு பெயர்கள். ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே!